கழுத்தும் கவனமும்

மலை ஊரான கூடலூரில் ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர்வரை ஊர் ஈரத்திலேயே கிடக்கும். பக்கத்திலிருக்கும் தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்றே சொல்வார்கள். அந்த மாதங்களில் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, எல்லோருக்கும்தான் குளிர்கிறது. மதுரையில் சித்திரை வெயிலில் ஒரு பெண் போர்வை கேட்டால் அம்மாவுக்கு உடனே சந்தேகம் வரும். மலையில் அந்தச் சந்தேகம் வர ஒன்றிரண்டு வருடங்கள்கூட ஆகிவிடலாம். அதற்குள் முடி கொட்டியிருக்கும், முகம் லேசாக உப்பியிருக்கும், மாதவிலக்கு தாறுமாறாகியிருக்கும், மலச்சிக்கல் பழகிப்போயிருக்கும். கல்லூரியில் இரண்டு மூன்று அரியர் விழுந்திருக்கும்.

வீட்டில் அதற்குள் ஒரு முடிவுக்கும் வந்திருப்பார்கள். "மனசு வெச்சா படிக்க முடியாதா? எந்நேரமும் தூக்கம், இல்லேன்னா போனு." இதைச் சொல்லும் அம்மா அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது சோம்பல் மாதிரியேதான் இருக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மூளை மந்தமாகும், படித்தது நிற்காது, ஆரம்பித்த வேலை பாதியில் கிடக்கும். ஏடிஹெச்டி எனப்படும் கவனக் குறைபாட்டுக் கோளாறு இருந்தாலும் ஆரம்பித்த வேலை பாதியில்தான் கிடக்கும். ஒருவருக்கே இரண்டும் இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. எதை முதலில் சரிசெய்வது, எந்த மருந்துக்கு எத்தனை நாள் பொறுப்பது, பதினெட்டைத் தாண்டிவிட்ட பிள்ளைக்குப் பெற்றவர்கள் என்னவாக இருப்பது என்ற மூன்று கேள்விகளும் அந்த வீடுகளில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

முதலில் கழுத்து. குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தை ஒட்டி, இருபது கிராம் அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. உணவில் வரும் அயோடினை இரத்தத்திலிருந்து பிடித்து இரண்டு ஹார்மோன்களை அது செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4, மூன்று கொண்டது டி3. சுரப்பி பெருமளவில் அனுப்புவது டி4. உடலின் திசுக்கள் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி, வேலை செய்யும் வடிவமான டி3 ஆக்கிக்கொள்கின்றன. மூளையும் தனக்கு வேண்டிய டி3யில் பெரும்பகுதியை இப்படி உள்ளேயே தயாரித்துக்கொள்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிப்பது, குடல் எவ்வளவு வேகமாக அசைவது, உடல் எவ்வளவு சூடாக இருப்பது, நரம்புச் செல்கள் எவ்வளவு சுறுசுறுப்பாகப் பேசிக்கொள்வது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு.

பரிசோதனைச் சீட்டில் பெற்றோரைக் குழப்புவது டிஎஸ்ஹெச் என்ற எண். தைராய்டு குறைவு என்கிறார் மருத்துவர். சீட்டிலோ எண் பல மடங்கு கூடுதலாக இருக்கிறது. டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. எஸ்டேட்டில் கொழுந்து குறையக் குறையக் கங்காணியின் குரல் உயரும் அல்லவா, அதே கணக்குதான்: தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி சத்தம் போடுகிறது, டிஎஸ்ஹெச் ஏறுகிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு. டிஎஸ்ஹெச் 5, 6 என்று கொஞ்சமாக ஏறி, டி4 இயல்பாகவே இருந்தால் அது பல பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலும் முடிவெடுப்பார்கள். அந்தச் சின்ன ஏற்றத்தின் மீது பிள்ளையின் அத்தனை சிரமத்தையும் சுமத்திவிடக் கூடாது. டிஎஸ்ஹெச் 40, 60 என்று நின்று, டி4 தரைதட்டியிருந்தால் அது வேறு கதை.

ஏன் குறைகிறது? மலை என்றதும் எல்லோரும் அயோடினைத்தான் நினைப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அடைமழை பெய்யும் மலைச்சரிவுகளில் மண்ணிலுள்ள அயோடின் கழுவிக்கொண்டு போய்விடும். இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி.ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தாலே முன்கழுத்துக் கழலை குறையும் என்று காட்டியது. 1962இல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு இன்று தடை இருக்கிறது. அப்படியும் 2018–19இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடுதான். நாட்டின் சராசரி 76.3. உப்பு விளையும் கடற்கரை உள்ள மாநிலத்துக்கு இது வருத்தமான எண். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே மரவள்ளிக் கிழங்கு அடிக்கடி உலையேறும். அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு அயோடினைப் பிடிப்பதைத் தடுக்கும். கிழங்கை நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்து, அயோடின் உப்போடு சாப்பிடுகிறவர்களுக்குப் பயமில்லை. அயோடினும் குறைந்து, கிழங்கே முக்கிய உணவாகவும் இருந்த ஆப்பிரிக்க ஊர்களில்தான் அது பெரும் சிக்கலானது.

ஆனால் கல்லூரி வயதுப் பெண்ணுக்குத் தைராய்டு குறைவு என்றால், இன்று பெரும்பாலும் காரணம் உப்பு அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கிச் சிறுகச் சிறுக அழிக்கும் ஹாஷிமோட்டோ நோய் அது. 1912இல் ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ முதன்முதலில் விவரித்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், குடும்பவழியிலும் வரும். சென்னை உட்பட 8 நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. இந்த நோய்க்கு அயோடினை அள்ளிக் கொட்டினால் குணமாகாது, சிலருக்குக் கூடவே செய்யும். முட்டைக்கோஸை விலக்கினாலும் ஒன்றும் நடக்காது. குறைந்துபோன ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சை.

அந்தச் சிகிச்சைக்கு நூற்று முப்பது ஆண்டு வயது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு அற்றுப்போய் உடல் வீங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அவர் தேறி எழுந்தார். பிறகு வாய்வழியாகவே அந்தச் சாற்றைக் குடித்துக்கொண்டு 74 வயதுவரை இருந்தார். அந்த 28 ஆண்டுகளுக்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானதாக மர்ரே பின்னாளில் கணக்கு எழுதினார். 1927இல் டி4 ஹார்மோனான தைராக்சினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இப்போது சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரையாகப் புட்டியில் வருகிறது, விலையும் குறைவு. மில்லிகிராம்கூட இல்லை, மைக்ரோகிராம் கணக்கு: 25, 50, 75, 100. சுரப்பி முழுவதும் நின்றுபோனவருக்கு உடல் எடை கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். அளவு இவ்வளவு நுணுக்கமானது என்பதால்தான் அதை விழுங்கும் விதமும் முக்கியமாகிறது.

இங்கேதான் தேயிலை ஊரின் பிரச்சினை வருகிறது. கூடலூரில் விடிவதே கட்டன் சாயாவில்தான். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதே மாத்திரைப் புட்டியும் பக்கத்து அலமாரியிலிருந்து இறங்கும். மாத்திரையை வாயில் போட்டு, கையிலிருக்கும் சாயாவிலேயே ஒரு மடக்கு குடித்து விழுங்கிவிடுவார்கள். தைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போக வேண்டிய மருந்து. சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது, அதுவும் முழுவதுமாக அல்ல. காபியோடு சேர்த்து விழுங்கினால் உறிஞ்சும் அளவு குறைவதை 2008இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். அதனால் சாயா, காபி, பால், பலகாரம் எதுவானாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரத்தச்சோகையும் தைராய்டும் சேர்ந்தே இருக்கும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டு மாத்திரையையும் ஒரே கையில் வைத்து விழுங்கிவிட்டு, "மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது பல வீடுகளில் நடக்கிறது.

முடி கொட்டுவதற்கென்று கடையில் தாமே வாங்கிப் போடும் பயோட்டின் மாத்திரையும் கவனிக்க வேண்டியது. அது நோயைத் தொடாது, பரிசோதனையைக் கெடுக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோனை அளக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்திவிட வேண்டும். அழகுக்கான மாத்திரைதானே என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

தைராக்சின் மிக மெதுவான மருந்து. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஒரு நாள் மறந்துவிட்டால் குடி முழுகிப்போகாது. அதே காரணத்தால், ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லையே என்று அலுத்துக்கொள்ளவும் கூடாது. அளவை மாற்றினால் டிஎஸ்ஹெச் புதிய நிலைக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். ஜூனில் 50இல் தொடங்கி, ஆகஸ்டில் பார்த்து 75 ஆக்கி, அக்டோபரில் மறுபடி பார்த்தால், ஒரு செமஸ்டர் போய்விட்டது. அந்தச் செமஸ்டரில் பிள்ளையிடம் மதிப்பெண்ணை எதிர்பார்க்காமல் இருப்பதே பெரிய உதவி.

இனி கவனம். ஏடிஹெச்டி என்றாலே ஓரிடத்தில் உட்காராமல் ஓடித் திரியும் சிறுவன்தான் நினைவுக்கு வருவான். பெண் பிள்ளைகளில் பலருக்கு அது அப்படி வெளியே தெரிவதில்லை. வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருப்பாள், மனம் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். பேனா, குடை, டிபன் பாக்ஸ் எதையாவது தொலைத்துவிட்டு வருவாள். பிளஸ் டூ வரை அம்மாவின் அதட்டலும் பள்ளியின் மணியும் அவளை நடத்திக்கொண்டு போகும். கோவையில் விடுதியில் சேர்த்த பிறகு அந்த இரண்டும் இல்லை. அங்கேதான் சரிவு தொடங்குகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூளையின் முன்பகுதியில், திட்டமிடுவது, காத்திருப்பது, ஒன்றை மனத்தில் ஏந்திக்கொண்டே இன்னொன்றைச் செய்வது ஆகிய வேலைகளுக்கான வலைப்பின்னல் இருக்கிறது. டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் சரியான அளவில் இருந்தால்தான் அது ஒழுங்காக ஓடும். ஏடிஹெச்டியில் அந்தச் சமநிலை வேறாக இருக்கிறது. அதனால்தான் பிடித்த விஷயத்தில் மூன்று மணி நேரம் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை, பிடிக்காத பாடத்தில் பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பதில்லை. அவளுக்குக் கவனம் இல்லை என்பதைவிட, கவனத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் பிடி தளர்ந்திருக்கிறது என்பதே சரி. அதைப் பார்த்துத்தான் "போன்ல மட்டும் எப்படி கவனம் வருது?" என்று கேட்கிறோம். கேட்பது நியாயமாகவே தோன்றும். கேட்கப்படுகிறவளுக்கோ அதற்குப் பதில் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனும் கிடையாது. மனநல மருத்துவர் கேட்கும் கேள்விகள்தான் கருவி. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டின்படி, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். 17 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்குப் பட்டியலில் ஐந்து அறிகுறிகளாவது வேண்டும். அந்த 12 வயது விதிதான் இந்த இரட்டைச் சிக்கலில் நமக்குக் கிடைக்கும் திறவுகோல். தைராய்டு குறைவால் வரும் கவனச் சிதறலுக்குத் தொடக்கம் உண்டு. பத்தொன்பது வயதில் வந்தது என்றால் ஒன்பது வயதில் அது இருந்திருக்காது. ஏடிஹெச்டி ஒன்பது வயதிலும் இருந்திருக்கும். அதற்குச் சாட்சி பெற்றோர்தான். மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதிய "கவனக்குறைவு, பாதியில் விடுகிறாள்" என்ற ஒரு வரி, பதினைந்து வருடம் கழித்து மருத்துவருக்குப் பெரிய தடயமாகும். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கார்டுகளைத் தேடி எடுத்துப் போங்கள். எந்த ஆய்வகமும் அச்சடித்துத் தர முடியாத சீட்டு அது.

இரண்டுக்கும் உள்ளூரத் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு 1993இல் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். தைராய்டு ஹார்மோன் இரத்தத்தில் நிறைய இருந்தும் உடல் செல்கள் அதை ஏற்றுக்கொள்ளாத ஓர் அரிய பரம்பரைக் கோளாறு இருக்கிறது. பீட்டர் ஹவுசரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் அது உள்ள 18 குடும்பங்களில் 104 பேரைச் சோதித்தார்கள். அந்தக் கோளாறு உள்ள பெரியவர்களில் 50 விழுக்காட்டினருக்கும் குழந்தைகளில் 70 விழுக்காட்டினருக்கும் ஏடிஹெச்டி இருந்தது. அதே குடும்பங்களில் கோளாறு இல்லாதவர்களில் முறையே 7, 20 விழுக்காடுதான். மூளையின் கவன வலைப்பின்னலுக்குத் தைராய்டு ஹார்மோனின் சொல் எட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இது. ஆனால் அந்தப் பரம்பரைக் கோளாறு மிக மிக அரிது. ஏடிஹெச்டி உள்ள பெரும்பாலோருக்குத் தைராய்டு இயல்பாகவே இருக்கும். ஆகவே "தைராய்டைச் சரிசெய்தால் கவனம் தானே வந்துவிடும்" என்றோ, "கவனக் குறைபாடு எல்லாமே தைராய்டுதான்" என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் இரண்டும் தனித்தனியாகவே வந்து, ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஒரே உடலில் தங்கியிருக்கின்றன.

மறைத்துக்கொள்வதால்தான் வரிசை முக்கியம். தைராய்டுக்கு எண் இருக்கிறது. அளந்து, சரிசெய்து, மறுபடி அளந்து பார்க்கலாம். அது நிலைக்கு வந்த பிறகும் மிச்சமிருக்கும் கவனச் சிதறல் எவ்வளவு என்று பார்த்தால்தான் மனநல மருத்துவருக்குத் தெளிவு கிடைக்கும். சிறு வயது வரலாறு தெளிவாக இருந்து, தைராய்டு ஏற்றமும் லேசாகவே இருந்தால் இரண்டையும் ஒருசேரத் தொடங்கலாமா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. தைராய்டு கூடுதலாகச் சுரக்கும் நோயில் இதயம் படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் போகும், மனம் ஓரிடத்தில் நிற்காது. அதுவும் ஏடிஹெச்டி மாதிரியே தெரியும். அந்த நிலையில் ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைக் கொடுக்கக் கூடாது, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அது மேலும் ஏற்றும். தைராக்சின் அளவு தேவைக்கு மேல் போனவருக்கும் அதே ஆபத்து. ஆகவே கவனத்துக்கான மருந்தைத் தொடங்குவதற்கு முன் அண்மைய டிஎஸ்ஹெச், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எடை ஆகிய நான்கும் மருத்துவரின் மேசையில் இருக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் இதய நோய் வந்தவர்கள் இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கினார். ரிட்டாலின் என்ற பெயர் அவர் மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. நரம்பிணைப்பில் வெளிவந்த டோபமினைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அது அடைக்கிறது, அதனால் டோபமின் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கே தங்குகிறது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, சாதாரண மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மெதுவாக வெளிவிடும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். ஒரே பெண்ணின் உடலில் வாரக்கணக்கில் ஓடும் ஒரு மருந்தும் மணிக்கணக்கில் ஓடும் ஒரு மருந்தும் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். "நேத்து நல்லாப் படிச்சா, இன்னிக்கு மறுபடி அதே கதை" என்றால் அது தைராக்சின் விவகாரமாக இருக்காது. "மூணு மாசமா மெல்ல மெல்ல மந்தமாயிட்டு வர்றா" என்றால் கவன மருந்தைக் கூட்டச் சொல்வதற்கு முன் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். அடோமோக்செட்டின் என்ற இன்னொரு மருந்து இரண்டுக்கும் நடுவில். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இந்த மருந்துகளில் பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும். மாலை நான்கு மணிக்கு மேல் பிள்ளை சிடுசிடுத்தால், மருந்து இறங்கும் நேரமா என்று கவனித்துக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லலாம்.

மெத்தில்ஃபெனிடேட் மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும், அதை விற்கத் தனி உரிமமும் வேண்டும். சிறிய ஊர்களில் பெரும்பாலான கடைகள் அந்த வம்பே வேண்டாம் என்று வைப்பதில்லை. கூடலூர்க்காரர்கள் பெரிய மருத்துவத்துக்கு ஊட்டி, கோவை, சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணா, மைசூரு என்று மூன்று மாநிலங்களுக்கும் போகிறவர்கள். ஆடி மழையில் நடுகாணி மலைப்பாதையிலோ ஊட்டிப் பாதையிலோ மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். மைசூருச் சாலையில் பந்திப்பூர்க் காட்டுக்குள் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 வரை வண்டி விடுவதில்லை. ஆகவே கடைசி மாத்திரை தீரும்வரை காத்திருக்கக் கூடாது. தைராக்சின் புட்டி ஒன்று எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும், ஈரம் படாத இடத்தில். மழைக்காலத்துச் சமையலறை ஜன்னலோரம் அதற்கு உகந்ததல்ல. ஒரு மாநிலத்தில் பார்த்த மருத்துவரின் சீட்டு அடுத்த மாநிலத்து மருத்துவருக்குத் தெரியாமல் போவதுதான் எல்லையோர ஊரின் பெரிய ஆபத்து. ஒரே ஃபைல், எல்லாச் சீட்டும் அதில், தேதி வரிசையில். டிஎஸ்ஹெச்சை முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள்.

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் முடிவு அவளுடையது. 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இதைத் தெளிவாகச் சொல்கிறது: சிகிச்சைக்குச் சம்மதம் அவள் தருவது, தன் விவரங்கள் இரகசியமாக இருப்பது அவள் உரிமை, தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளவும் அவளால் முடியும். அந்த ஒருவராக உங்களை அவள் எழுதித் தந்தால் அது பெரிய நம்பிக்கை. மருத்துவரின் அறைக்குள் போகும்போது முதலில் அவள் தனியாகப் பேசட்டும், பிறகு கூப்பிட்டால் போகலாம். சிறு வயது வரலாற்றைச் சொல்ல உங்களைக் கூப்பிடத்தான் செய்வார்கள்.

மறதிதான் இங்கே எதிரி. மாத்திரையை மறக்கச் செய்வதே ஏடிஹெச்டியின் குணம், மறந்தால் சிக்கல் கூடும். தினமும் காலையில் போன் போட்டு "மாத்திரை போட்டியா?" என்று கேட்பது ஒரு வாரத்துக்கு உதவும், பிறகு அது சண்டையாகும், அப்புறம் "போட்டுட்டேன்" என்ற பொய்யாகும். அதைவிட ஏழு கட்டங்கள் கொண்ட மாத்திரைப் பெட்டி மேல். ஞாயிற்றுக்கிழமை அவளே நிரப்பட்டும். வீட்டிலிருந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருங்கள், விடுதியிலிருந்தால் வீடியோ காலில் பேச்சுத்துணையாக இருங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு அலுப்பான வேலையும் நடந்துவிடுவதுண்டு. பெட்டி பல்துலக்கும் பிரஷ் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணில் படாத பொருள் அவர்களுக்கு இல்லாத பொருள். காலை எழுவதே போராட்டம் என்றால் தைராக்சினை இரவுக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். இரவில் எடுத்தவர்களுக்கு ஹார்மோன் அளவு இன்னும் நன்றாகவே இருந்தது என்று நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்து ஒரு பங்குதான். மருந்து எடுத்துக்கொண்டும் சிரமம் மிச்சமிருந்த பெரியவர்களுக்கு, நேரத்தைப் பகுத்துக்கொள்வது, பெரிய வேலையைத் துண்டாக்குவது, சிதறலைத் தள்ளிப்போடுவது போன்றவற்றைப் படிப்படியாகப் பழக்கும் உளவியல் சிகிச்சை கூடுதல் பலன் தந்ததை 2010இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இன்னொன்றையும் மென்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஏடிஹெச்டியில் பரம்பரையின் பங்கு சுமார் 74 விழுக்காடு என்பது இரட்டையர் ஆய்வுகளின் கணக்கு; ஹாஷிமோட்டோவும் குடும்பவழி வருவது. பிள்ளைக்கு உதவ உட்கார்ந்த அம்மாவோ அப்பாவோ தங்கள் சிறு வயதையே அங்கே பார்க்க நேரலாம். அப்படியிருந்தால் உங்கள் டிஎஸ்ஹெச்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நாள்பட்ட நோயைக் கூட இருந்து நடத்துவதற்குக் கூடலூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1990 முதல் இயங்கும் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் சமூகங்களிலிருந்தே சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தது. அரிவாள்செல் இரத்தச்சோகை உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடித்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. மாத்திரையை எழுதித் தருவதைவிட அது மாதாமாதம் தவறாமல் வாய்க்குள் போகிறதா என்று ஊருக்குள் ஒருவர் பார்ப்பதே பெரிய மருத்துவம் என்று அந்த அனுபவம் காட்டியது. தைராய்டுக்கும் கவனக் குறைபாட்டுக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் அந்தக் கண்காணிப்பு வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரும் ஹார்மோனைப் பார்க்கும் மருத்துவரும் ஒரே ஃபைலைப் பார்க்கும்படி அரசு மருத்துவமனைகளில் ஏற்பாடு செய்ய வேண்டும். எக்ஸ் அட்டவணை மருந்துகள் தாலுகா அளவில் கிடைக்கவும் மாவட்ட நிர்வாகம் வழி செய்ய வேண்டும்.

அதுவரை, யாரிடம் தொடங்குவது என்று தெரியாத பெற்றோர் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் இந்த மனநல உதவி இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அதற்கு முன் ஒரு டிஎஸ்ஹெச் பரிசோதனை செய்து, சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.